கார்ட்டர் எவல்யூஷன் ரிலீஸ்: விரலுக்கு வேலையே இல்லை

காம்பவுண்ட் வில்லில் நாணை விரலால் பிடிப்பதில்லை. நாணில் ஒரு சின்னக் கயிற்று வளையம் கட்டியிருக்கும், டி-லூப் என்போம். ரிலீஸ் என்கிற கைக்கருவியின் கொக்கியை அதில் மாட்டி இழுக்கிறோம். கொக்கி திறந்தால் அம்பு போய்விடும். அது எந்த நொடியில் திறக்கிறது, அந்த நொடியில் உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதில்தான் இலக்கில் 9 வளையத்துக்கும் 10 வளையத்துக்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இயங்கும் கார்ட்டர் நிறுவனத்தின் எவல்யூஷன் ரிலீஸைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில வருஷம் எய்து பழகி, 50 மீட்டரில் 720-க்கு 650-ஐத் தாண்டிய பிறகு அங்கேயே தேங்கி நிற்கும் ஆர்ச்சர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கருவியை நான் பார்த்ததில்லை. புதிதாக வில் எடுப்பவர்களுக்கு இது வேண்டாம்.

நான் சென்னைக்கு வெளியே ஒரு சிறிய கிளப்பில் பயிற்சி கொடுக்கிறேன். இந்த ரிலீஸ் எங்களுக்குப் பழையதாகத்தான் வந்தது, ஒரு சீனியர் ஆர்ச்சரிடமிருந்து. அதனால் ஒருவர் கையில் எப்படி வேலை செய்கிறது என்று மட்டுமல்லாமல், வெவ்வேறு வயதும் பலமும் கொண்ட பிள்ளைகளின் கையில் இது என்ன செய்கிறது என்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தது.

மற்ற ரிலீஸ்களைச் சுருக்கமாகச் சொன்னால்தான் இதன் தனித்தன்மை புரியும். மணிக்கட்டில் பட்டை கட்டி ஆள்காட்டி விரலால் அழுத்துவது ஒரு வகை. நம்மூரில் பெரும்பாலானவர்கள் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கையில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் பட்டனைத் தொடுவது இன்னொன்று. ஹின்ஜ் என்ற வகையில் பட்டனே கிடையாது. கைப்பிடி சற்றுச் சுழலும்போது கொக்கி நழுவும். எவல்யூஷன் இந்த மூன்றிலும் சேராது. இதன் கொக்கியைத் திறப்பது விரலும் இல்லை, சுழற்சியும் இல்லை. இழுவிசை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதுவாகவே திறக்கும். நாக் ஆன் சில்வர்பேக், ஸ்டான் எலிமெண்ட் ஆகியவையும் இதே சாதிதான். அவற்றை என் பிள்ளைகள் கையில் வைத்துப் பழகிப் பார்க்கவில்லை, அதனால் ஒப்பிடப் போவதில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. கட்டைவிரலுக்கு ஒரு சேஃப்டி இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தபடியே வில்லை முழுசாக இழுக்க வேண்டும். காம்பவுண்ட் வில்லின் முனையில் உள்ள கேம் என்ற சக்கரம் சுழன்று முடிந்ததும் கையில் தாங்கும் எடை திடீரென்று குறைந்துவிடும் அல்லவா? 48 பவுண்டு வில்லில் 75 சதவீதம் லெட்-ஆஃப் (அந்தக் குறைவு) என்றால் கடைசியில் கையில் நிற்பது 12 பவுண்டுதான். அந்த இடத்தில் ஆங்கர் பிடித்து (கையைத் தாடையில் பதித்து), நாணில் உள்ள பீப் என்ற துளை வழியாக வில்லில் உள்ள ஸ்கோப் என்ற கண்ணாடி வளையத்தைப் பார்த்து, அதிலுள்ள புள்ளியை இலக்கின் நடுவிலுள்ள மஞ்சளில் நிறுத்திய பிறகு கட்டைவிரலை எடுத்துவிடலாம். ஒன்றும் ஆகாது. ரிலீஸை 15 பவுண்டுக்கு வைத்திருந்தால், இன்னும் 3 பவுண்டு இழுக்கும்வரை அது காத்திருக்கும். அந்த 3 பவுண்டு முதுகிலிருந்து, தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்குவதிலிருந்து வர வேண்டும். வந்தால் அம்பு போகும். எந்த நொடியில் போகும் என்று எய்பவருக்கே தெரியாது.

தெரியாமல் இருப்பதுதான் மருந்து. 50 மீட்டரில் காம்பவுண்டுக்கான இலக்கில் 10 வளையத்தின் விட்டம் 8 செ.மீ. கண்ணிலிருந்து 80 செ.மீ. தள்ளி ஸ்கோப் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வளையம் அங்கே ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தெரியும். எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் புள்ளி அதற்குள் அசையாமல் நிற்காது, மிதந்துகொண்டுதான் இருக்கும். பட்டன் கையில் இருக்கும் ஆள், புள்ளி நடுவைக் கடக்கும்போது அழுத்திவிடலாம் என்று பார்ப்பார். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் புள்ளி வேறிடத்துக்குப் போயிருக்கும். அதோடு அந்த அழுத்தலுக்குத் தோளும் முன்கையும் துள்ளும். நாளாக ஆக மனசு அதற்குப் பயப்பட ஆரம்பிக்கிறது. புள்ளி 6 மணிப் பக்கம், அதாவது நடுவுக்குக் கீழே, உறைந்து நின்றுவிடும், மஞ்சளுக்குள் ஏறவே ஏறாது. ஏறிய மறுகணம் விரல் தானாக அழுத்திவிடும். டார்கெட் பேனிக் என்கிறோமே, அது இதுதான். எவ்வளவோ திறமையான பிள்ளைகள் இதனால் வில்லையே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு, ஏனென்றால் இது சரியாகக்கூடியது.

எங்களிடம் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். ஸ்கோர் நன்றாக ஏறிக்கொண்டிருந்தவள், மாவட்டப் போட்டிக்குப் பிறகு புள்ளியை மஞ்சளுக்குள் கொண்டுவரவே முடியாமல் திணறினாள். இந்த ரிலீஸை அவளிடம் கொடுத்து, இலக்குத் தாளைக் கழற்றிவிட்டு, அம்பைத் தாங்கும் வெறும் மெத்தைக்கு 3 மீட்டர் முன்னால் நிற்க வைத்தேன். கட்டைவிரலை எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டெபிலைசர் (வில்லின் முன்னால் நீளும் கம்பி) நுனி நடுங்குவது எனக்கே தெரிந்தது.

"சார், எப்ப விடும்னே தெரியலயே சார்."

"தெரியவே வேணாம்மா. முழங்கைய பின்னாடி சுவரத் தொடப்போற மாதிரி கொண்டு போய்ட்டே இரு. நிறுத்தாத."

உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் தளர்ந்தது, ஏனென்றால் காத்திருக்க எதுவும் இல்லை. அம்பு போனபோது அவள் இமைக்கக்கூட இல்லை. வலது கை தோளுக்குப் பின்னால் நழுவிப் போய் நின்றது, இடது கை இருந்த இடத்திலேயே இருந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "நான் எதுவும் பண்ணலியே" என்றாள். பல மாதம் வாயால் சொல்லிச் சொல்லிப் புரிய வைக்க முடியாததை அந்த ஓர் அம்பு புரிய வைத்துவிட்டது. அப்புறம் இலக்கை 10 மீட்டரில், 18-ல், 30-ல் என்று மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனோம். அவசரப்பட்டு நேரே 50-க்குக் கொண்டுபோனால் பயம் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பேனிக் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. காம்பவுண்ட் வில்லை முழுசாக இழுத்ததும் ஒரு இடத்தில் முட்டி நிற்கும். அதை ‘வால்’ (wall, சுவர்) என்போம். சாதாரண ரிலீஸில் ஓர் அம்புக்கு அந்தச் சுவரில் மெல்லச் சாய்ந்து நிற்போம், அடுத்ததற்கு இறுக்கி இழுப்போம், களைத்துப் போனால் சற்று முன்னால் நழுவியும் விடுவோம். ஒவ்வொரு முறையும் கேம் நிற்கும் கோணம் ஒரு துளி மாறும், நாண் அம்புக்குக் கொடுக்கும் விசையும் மாறும். 18 மீட்டரில் இது தெரியாது. 50 மீட்டரில் க்ரூப் (அம்புகள் விழும் கூட்டம்) மேலும் கீழுமாக நீண்டுவிடும். இடம் வலமாக நல்ல க்ரூப், ஆனால் உயரத்தில் மட்டும் 9, 10, 8 என்று சிதறுகிறதா? முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எவல்யூஷனில் கொக்கி ஒரே விசையில்தான் திறக்கும் என்பதால், சுவரை முட்டும் பலம் ஒவ்வொரு அம்புக்கும் ஒன்றாகிவிடுகிறது. எங்கள் பையன்களில் ஒருவனுக்கு எந்த டியூனிங்கும் மாற்றாமல், ரிலீஸை மட்டும் மாற்றியதில், 30 மீட்டரில் உயரச் சிதறல் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியது.

ஆனால் வில் ஒழுங்காக இருந்தால்தான் இதெல்லாம். கேபிளில் முட்டி நிற்கும் வில்லுக்குச் சுவர் சற்று மெத்தென்று இருக்கும். லிம்பில், அதாவது வில்லின் வளையும் கையில், முட்டி நிற்பது கல் மாதிரி இருக்கும். இரண்டிலும் இந்த ரிலீஸ் வேலை செய்யும், கல் மாதிரிச் சுவரில் இன்னும் நன்றாக. இரண்டு கேம் உள்ள வில்லில் மேல் கேமும் கீழ் கேமும் ஒரே சமயத்தில் முட்டுகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். ஒன்று முந்திக்கொண்டால், அந்தக் கூடுதல் 3 பவுண்டை இழுக்கும்போது அம்பின் வால் மேலேயோ கீழேயோ நகரும். ஒருவர் இழுக்க, இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் போதும். எய்தும் சோதிக்கலாம்: சில அம்புகளைச் சுவரில் இறுக்கி இழுத்தபடி எய்யுங்கள், சில அம்புகளை வேண்டுமென்றே சற்று முன்னால் நழுவவிட்டு எய்யுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் விழும்வரை ஒரு பக்கத்துக் கேபிளை அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்கிப் பார்க்க வேண்டும். இதற்கு பௌ பிரஸ் (வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி) வேண்டும், தெரிந்தவர் கை வேண்டும். வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

டிரா லெந்த்தையும், அதாவது வில்லை முழுசாக இழுக்கும் நீளத்தையும், சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் வில்லைப் பார்த்தால் பாதிப் பேருக்கு அரை அங்குலம் நீளமாக இருக்கிறது. கடையில் "வளர்ற பையன், இருக்கட்டும்" என்று கொடுத்துவிடுகிறார்கள். டிரா லெந்த் நீண்டுவிட்டால் உடம்பு பின்னால் சாயும், வில் பிடித்த தோள் காதை நோக்கி ஏறும், நாண் கன்னத்தை அமுக்கும். அந்த நிலையில் முதுகால் இழுக்க இடமே இருக்காது. எவல்யூஷன் திறக்காது, பிள்ளை அழுதுவிடும். பழியெல்லாம் ரிலீஸ் மேல் வந்து விழும். முதலில் கேமில் மாட்யூல் என்ற துண்டை மாற்றி டிரா லெந்த்தைச் சரிசெய்யுங்கள். மணிக்கட்டுப் பட்டையிலிருந்து கையில் பிடிக்கும் ரிலீஸுக்கு வரும்போது ஆங்கரும் மாறும். ஆள்காட்டி விரல் முட்டிக்கும் நடுவிரல் முட்டிக்கும் நடுவே உள்ள பள்ளம் தாடை எலும்பின் ஓரத்தில் உட்கார வேண்டும். அதற்கேற்ப டி-லூப்பின் நீளம், பீப்பின் உயரம் இரண்டையும் மறுபடி பார்த்தாக வேண்டும். பீப்புக்குள் ஸ்கோப் வளையம் சுற்றிலும் சமமாகத் தெரிகிறதா என்று கண்ணை மூடி ஆங்கர் பிடித்து, பிறகு திறந்து பாருங்கள். தலையை ஆட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தால் பீப்பை நகர்த்துங்கள்.

இனி எச்சரிக்கை. இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். இழுக்கும்போது கட்டைவிரல் சேஃப்டியிலிருந்து நழுவினால் கொக்கி உடனே திறந்துவிடும், ஏனென்றால் அப்போது இழுப்பது 48 பவுண்டு. கை நேராக உங்கள் வாயில் வந்து இடிக்கும், அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இறக்கும்போதும் அதேதான்: எய்யாமல் வில்லை இறக்குவதாக இருந்தால், முதலில் கட்டைவிரல் சேஃப்டிக்குத் திரும்ப வேண்டும், பிறகுதான் கை முன்னால் போக வேண்டும். ரிலீஸ் திறக்கும் எடையை வைக்கும்போது எப்போதும் கனமான பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் எவ்வளவு இழுத்தாலும் திறக்காத அளவுக்கு வைத்துவிட்டு, மெத்தைக்கு அருகில் நின்று, நாணில் அம்பு வைத்து, இழுத்துப் பாருங்கள். திறக்கவில்லையா, சேஃப்டி, இறக்கு, அலன் கீயால் திருகைக் கொஞ்சம் தளர்த்து, மறுபடி. லேசான பக்கத்திலிருந்து ஆரம்பித்தால், கட்டைவிரலை எடுத்த கணமே அம்பு பாயும். அம்பில்லாமல் சோதிப்பது கூடவே கூடாது. வெறும் நாணை விட்டால் லிம்பே உடையலாம். என் கிளப்பில் ஒரு வில் தராசால் கையில் நிற்கும் எடையை அளந்த பிறகுதான் யார் கையிலும் இந்த ரிலீஸைக் கொடுக்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, இதையும் ஏமாற்ற முடியும். புத்திசாலிப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள்: மெதுவாக இழுப்பதற்குப் பதிலாகக் கையை வெடுக்கென்று பின்னால் உதறினால் அந்த 3 பவுண்டு ஒரே நொடியில் வந்துவிடும். பட்டனை அடித்தவன் இப்போது முழுக் கையால் அடிக்கிறான், அவ்வளவுதான் மாற்றம். இதைக் கண்டுபிடிக்க அம்பைப் பார்க்காதீர்கள், பின்னால் நின்று முழங்கையைப் பாருங்கள். முதுகால் இழுத்திருந்தால் முழங்கை வட்டமாகத் தலைக்குப் பின்பக்கம் போகும். உதறியிருந்தால் கீழே விழும், வில் பிடித்த கையும் கூடவே இடப்பக்கம் சரியும். கவனிக்க ஆள் இல்லாமல் தனியாகப் பழகுபவர், போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுத்துக்கொள்வது அவசியம்.

இரண்டாவது, காற்று. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பினால் 50 மீட்டரில் புள்ளி அலைபாயும். பட்டன் ரிலீஸில் காற்று தணியும் கணம் பார்த்து விடும் அனுபவசாலிகள் உண்டு. இதில் அது நடக்காது. காற்று வந்தால் இறக்கிவிட்டு மறுபடி இழுக்க வேண்டியதுதான். நேரமும் அப்படித்தான். தனிநபர் ஆட்டத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் எய்யும்போது ஓர் அம்புக்கு 20 நொடிதான். கை களைத்திருக்கும் நேரத்தில் 15 பவுண்டு வரவே மாட்டேன் என்கிறது, கடிகாரம் ஓடுகிறது, பிள்ளையின் முகம் வெளிறுகிறது. 2023 ஆகஸ்டில் பெர்லின் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் நம் ஓஜஸ் தேவ்தலே 15 அம்பும் 10, மொத்தம் 150 எடுத்து ஜெயித்தார். எதிரில் நின்ற போலந்து வீரர் 149 எடுத்துத் தோற்றார். அந்த மட்டத்தில் ஒரே ஒரு 9 ஆட்டத்தை முடித்துவிடுகிறது. அதனால் போட்டிக்கு இதையே கொண்டுபோ என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. மேலே சொன்ன பெண் இப்போது போட்டியில் கட்டைவிரல் பட்டன்தான் பயன்படுத்துகிறாள். ஆனால் பட்டனைச் சற்றுக் கனமாக வைத்து, கட்டைவிரலை அதில் சும்மா சுற்றி வைத்துக்கொண்டு, எவல்யூஷனில் கற்ற அதே இழுப்பால் திறக்கிறாள். வாரத்தில் ஒரு நாள் இதற்குத் திரும்பி வருகிறாள். விதிமுறையில் இதற்குத் தடை ஏதும் இல்லை. ரிலீஸ் வில்லோடு பொருத்தப்பட்டிருக்கக் கூடாது, மின்சாரத்தில் இயங்கக் கூடாது, அவ்வளவுதான்.

விரல்தான் எய்கிறது என்று இன்னும் நம்புகிறவர்கள் ஷீத்தல் தேவி எய்வதைப் பார்க்க வேண்டும். கைகள் இல்லாமல் பிறந்தவர். காலால் வில்லைப் பிடித்து, தோளில் பொருத்திய கருவியால் நாணை இழுத்து, தாடையால் திறக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ் தகுதிச் சுற்றில் 720-க்கு 703 எடுத்தார். பிறகு ராகேஷ் குமாரோடு சேர்ந்து கலப்பு அணியில் வெண்கலமும் வாங்கினார். என் பிள்ளைகளுக்கு அந்த வீடியோவை நான் அடிக்கடி காட்டுவேன், தோள் எவ்வளவு நிதானமாகப் பின்னால் போகிறது என்று பார்ப்பதற்காக.

மூன்றாவது குறை கிளப்புகளுக்கானது. ஒரே ரிலீஸை நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடியாது. ஒருவர் வில்லில் 10 பவுண்டு நிற்கும், இன்னொருவருக்கு 14. ஆளுக்கு ஆள் திருகை மாற்றித்தான் கொடுக்க வேண்டும்; மறந்தால் ஆபத்து. ஒரு நாளுக்கு ஒரு பிள்ளை என்று வைத்திருக்கிறோம். யார் பெயரில் இருக்கிறது என்று ரிலீஸ் பையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுகிறோம். வெயிலையும் கணக்கில் எடுங்கள். மே மாதத்தில் காருக்குள் பூட்டி வைத்த வில்லின் நாணும் கேபிளும் நீண்டு, கேம் நிற்கும் இடமும் கையில் நிற்கும் எடையும் மாறிவிடலாம். நேற்றுவரை ஒழுங்காகத் திறந்த ரிலீஸ் இன்று திறக்கவில்லை என்றால், திருகைத் தொடுவதற்கு முன் வில்லைத் தராசில் மாட்டுங்கள். நம் புழுக்கத்தில் உலோகக் கைப்பிடி வியர்வையில் வழுக்கும். ஒவ்வொரு எண்டுக்கும் (ஒரு சுற்று அம்புகளுக்கும்) கையைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும், இந்த ரிலீஸில் கட்டைவிரல் வழுக்கினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

விலை குறைவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கம், வரி, கூரியர் என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும். நடுத்தர ரகக் கார்பன் அம்பு ஒரு டஜன் வாங்கும் பணம் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எது என்று கேட்டால், அம்புகள் ஒரே நீளம், ஒரே எடை, ஒரே ஸ்பைனில் (விறைப்பில்) ஏற்கெனவே இருக்கும் ஆளுக்கு ரிலீஸ். கலப்படமான அம்புகளை வைத்து எய்துகொண்டிருப்பவருக்கு முதலில் அம்பு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்ந்துவிட்டது, அதனால் இங்கேயும் பெற்றோர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள், "சார், காஸ்ட்லி ரிலீஸ் வாங்கினா ஸ்கோர் வருமா?" என்று. பிள்ளை எத்தனை வருஷமாக எய்கிறாள், புள்ளி மஞ்சளில் நிற்கிறதா, பக்கத்தில் கவனிக்க ஆள் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே வாங்கச் சொல்வேன்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கொக்கியின் உள்விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் டி-லூப்பை அரித்துவிடும், முழு இழுப்பில் லூப் அறுந்தால் பல் தப்பாது. சேஃப்டியை அழுத்தி விடும்போது ஒவ்வொரு முறையும் தயங்காமல் திரும்புகிறதா என்று பாருங்கள். திருகுத் தலையின் ஓரம் மழுங்கியிருந்தால் வாங்காதீர்கள், எடையை மாற்றவே முடியாது. முந்தையவர் எந்த எடையில் வைத்திருந்தார் என்று அவர் சொல்வதை நம்பி இழுக்க வேண்டாம். வாங்கி வந்ததும் கனமான பக்கத்துக்குத் திருகிவிட்டு, மெத்தைக்கு 3 மீட்டர் முன்னால் நின்று முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.